குப்பைமேனிக்கு ஆள் தேவை

பாலசுப்ரமணியனுக்கு ‘முடியாது’ என்ற சொல்லின் இலக்கணம் தலைகீழ்ப் பாடம். ஞாயிற்றுக்கிழமைதோறும் வெஸ்ட் வின்ட்சரில் ஒரு மிடில் ஸ்கூலை வாடகைக்கு எடுத்து நடக்கும் தமிழ்ப் பள்ளியில், நான்காம் நிலைப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான். முடியும், முடியாது, முடியவில்லை என்று பலகையில் எழுதுவார். பிள்ளைகள் கூட்டாக ஒப்பிப்பார்கள். வகுப்பறைக்கு வெளியே அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதாகச் சொல்லிக்கொண்டு இதுவரை யாரும் முன்வரவில்லை. அலுவலகத்தில் எந்த வேலையைத் தலையில் கட்டினாலும் ‘ஷ்யூர்’ என்பார். வீட்டில் தலையை மட்டும் ஆட்டுவார். அது ஆமாமா இல்லையா என்பதை மனைவி ஜலஜா முடிவு செய்துகொள்வாள். வெளியே தமிழர்களிடம் ‘பார்க்கலாங்க’ என்பார்.

அவர் அகராதியில் ‘பார்க்கலாங்க’ என்றால் முடியாது என்று பொருள். இதை அவர் யாருக்கும் அறிவித்ததில்லை. நாசூக்கான மனிதர்களுக்குத் தானாகப் புரியும் என்று நம்பினார். நியூ ஜெர்சித் தமிழர்களோடு இத்தனை வருடம் பழகிய பிறகும் ஒருவரால் இப்படி நம்ப முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

பள்ளித் தலைவர் நாகரத்தினம் ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் எழுதித் தரச் சொன்னபோதும் பாலா அதைத்தான் சொன்னார். மறுநாள் நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர் இருந்தது.

எழுதினார். பெயர் ‘சூனியக்காரியின் தோட்டம்’. ஊருக்கு வெளியே ஒருத்தி தனியாகத் தோட்டம் போட்டுக்கொண்டு வாழ்கிறாள். ஊர் அவளைக் கண்டு பயந்து ஒதுங்குகிறது. ஒருநாள் ஊர் மொத்தமும் இருமலில் படுக்க, வேறு வழியில்லாமல் எல்லோரும் அவள் வேலியைத் தாண்டி வருகிறார்கள். அவள் ஒவ்வொரு செடியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட, அது எழுந்து நின்று தான் யார், எதற்கு ஆவேன் என்று இரண்டு வரி சொல்லும். வகுப்பில் ஒன்பது பிள்ளைகள் என்பதால் தோட்டத்தில் ஒன்பது செடிகள். நாடக உலகில் இதனால் எந்தச் சலசலப்பும் ஏற்படாது என்று அவருக்கே தெரியும். ஆனால் இங்கே பிறந்த பிள்ளைக்கு இரண்டு வரிக்கு மேல் வசனம் கொடுத்தால் மூன்றாவது வரியை அதன் அம்மா முன்வரிசையிலிருந்து சொல்லிவிடுவாள் என்பது அனுபவத்தில் கண்டது.

சிக்கல் சூனியக்காரிக்குத்தான் வந்தது. அவளுக்கு வசனம் அதிகம். பெரிய பிள்ளை வேண்டும். பெரிய பிள்ளைகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ரோபோ செய்துகொண்டிருந்தார்கள். கையில் மிச்சமிருந்தது சொந்த மகள் மானஸா.

மானஸாவுக்குப் பதின்மூன்று வயது. தமிழ்ப் பள்ளியிலிருந்து இரண்டு வருடம் முன்பே விருப்ப ஓய்வு பெற்றுவிட்டவள். அப்பாவோடு அவள் நடத்தும் உரையாடல்கள் ‘ஃபைன்’, ‘ஐ நோ’, ‘கேன் யு டிராப் மி’ என்ற மூன்றுக்குள் அடங்கிவிட்டன. நகத்தில் கறுப்புப் பூச்சு. ஜன்னலோரம் வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள். அவற்றில் காய்ந்த இலைகள். ஏற்ற அனுமதி இல்லாத மெழுகுவர்த்திகள், ஏனென்றால் இந்த வீட்டின் ஸ்மோக் அலாரம் கடுகு தாளித்தாலே ஊரைக் கூட்டும். மொத்தத்தில் வேடத்துக்கு ஒத்திகையே தேவையில்லை.

பாலா அவள் அறை வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னார். மறுப்பைக் கேட்டுக்கொண்டு கீழே இறங்கத் தயாராக ஒரு காலைப் படியில் வைத்திருந்தார்.

மானஸா ஒரு காதிலிருந்த இயர்போனை மட்டும் எடுத்தாள். “விட்ச்சா?”

“ஆமா.”

“ஐ பிக் த பிளான்ட்ஸ். ரியல் ஒன்ஸ். அண்ட் நோபடி சேஞ்சஸ் தெம்.”

பாலா வாயைத் திறந்தார். அவள் விரலை நீட்டித் தடுத்தாள். “பார்க்கலாம்னு சொல்லக் கூடாது. பார்க்கலாம் மீன்ஸ் நோ. நான் நாய் கேட்டப்போ பார்க்கலாம். ஸ்லீப்ஓவர், பார்க்கலாம். ஸே பிராமிஸ்.”

உலகத்தில் தன் அகராதியைச் சரியாகப் படித்த ஒரே ஜீவன் இதுதான் என்று அவருக்கு அப்போது உறைத்தது. “பிராமிஸ்” என்றார்.

அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டு மேசைக்கு மானஸா போனோடு இறங்கி வந்தாள். தமிழ்நாட்டுச் செடிகளின் படங்கள் போட்ட ஏதோ ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்திருந்தாள். பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, அர்த்தம் என்ன என்று கேட்பாள். பாலா நங்கநல்லூரில் பிறந்தவர். கீரைக்கட்டில் வராத எந்தச் செடியையும் அவர் நேரில் சந்தித்ததில்லை. மேசைக்கு அடியில் தன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, பரம்பரை வைத்தியர் போல முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வார்.

“குப்பை-மேனி?”

“குப்பைன்னா டிராஷ். மேனின்னா உடம்பு.”

“டிராஷ் பாடி?” மானஸா தட்டைத் தள்ளிவைத்தாள். “தட் இஸ் ஸோ குட். ஷீ இஸ் இன்.”

பேய்மிரட்டி, அதாவது பேயையே மிரட்டுவது. நாயுருவி, நாயின் மேல் ஒட்டிக்கொண்டு ஊர்வலம் போவது. செருப்படை என்று ஒன்று இருப்பது பாலாவுக்கே அன்றுதான் தெரியும். செருப்பு, படை என்று பிரித்துச் சொன்னதும் மானஸா “ஸ்லிப்பர் ஆர்மி” என்று பெயர்த்து, சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ஊமத்தை விஷம் என்று கேள்விப்பட்ட அடுத்த நொடியே தேர்வானது.

துளசி சேர்க்கலாமே என்று ஜலஜா ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

“நோ அம்மா. எல்லார் வீட்லயும் இருக்கு. விட்ச் எதுக்கு அத வெக்கணும்? எல்லாரும் புடுங்கிப் போடறதத்தான் அவ வெப்பா. தட்ஸ் த ஹோல் பாயின்ட்.”

மூன்று தமிழ் வாக்கியம் வரிசையாக. கடைசியாக அவள் இப்படிப் பேசியது எப்போது என்று பாலா யோசித்தார். அவர் முகம் தன்னையறியாமல் மலர ஆரம்பித்தது. ஜலஜா மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். “ரொம்ப சந்தோஷப்படாதீங்க,” என்றாள் தணிந்த குரலில், “கவனிச்சாள்னா நிறுத்திடுவா.”

தோட்டம் நிரம்பியது. எந்தச் செடி எந்தப் பிள்ளை என்று எழுதி, பாலா பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அன்று மாலையே போன் அடித்தது.

பிரீத்தி. மகன் க்ரிஷ் நான்காம் நிலையில் படிக்கிறான். பிரீத்தி காரில் இருந்தாள்.

“பாலா சார், பிஸியா? ஒரு சின்ன டவுட்தான். க்ரிஷ்ஷுக்கு ஆடாதொடைன்னு போட்டிருக்கீங்க.”

“ஆமாங்க. இருமலுக்கு ரொம்ப நல்லதாம்.”

“அவன் நாலு வருஷமா பரதநாட்டியம் கத்துக்கிறான் சார். அவனப் போய் ஆடாத தொடைன்னா எப்படி?”

“ஐயையோ, அது அந்த ஆடா இல்லைங்க. ஆடு. மே மேன்னு கத்துமே, அந்த ஆடு. ஆடு தொடாத இலைன்னு அர்த்தம்.”

மறுமுனையில் பிரீத்தி காரை ஓரம் கட்டும் இண்டிகேட்டர் சத்தம் கேட்டது.

“ஆடுகூடத் தொடாதா சார் என் பிள்ளைய?”

பாலா போனை மற்றக் காதுக்கு மாற்றினார். “துளசி குடுத்துடுங்களேன்” என்றாள் பிரீத்தி. “ஸில்க் ஜிப்பா ஒண்ணு பச்சையில ரெடியா இருக்கு.”

“பார்க்கலாங்க” என்றார் பாலா, மிக உறுதியாக.

அடுத்து சந்தானம். அவர் மகன் சுஹாஸுக்குக் கிடைத்திருந்தது குப்பைமேனி. “சார், இந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல வீடு கிடைக்க எத்தன ஏலத்துல தோத்திருக்கேன் தெரியுமா? எம்பையன் குப்பைன்னு பேர் வாங்கவா? பொன்னாங்கண்ணின்னு ஒண்ணு இருக்கே. பொன்னுன்னு ஸ்டார்ட் ஆகுது. பாசிட்டிவா இருக்கு.”

“பார்க்கலாங்க.”

மான்மவுத் ஜங்ஷனிலிருந்து கிருபைராஜ் கூப்பிட்டார். பாளையங்கோட்டைக்காரர், ரெபெக்காவின் அப்பா. “அண்ணாச்சி, சூனியக்காரிங்கதுல எனக்கு ஒண்ணும் இல்ல கேட்டியளா. வெறும் நாடகம்தானன்னு பாஸ்டர்ட்ட சொல்லிருவேன். ஆனா எம்மவள செருப்படைன்னு போட்டா சர்ச்சுல நான் எப்படிய்யா தல நிமுந்து நடக்க? வேதத்துல வார செடி ஒண்ணு போடுங்களேன். ஈசோப்பு.”

“பார்க்கலாங்க.”

ஊமத்தை, ஊமை என்று காதில் விழுவதாக இன்னொரு வீட்டில் வருத்தப்பட்டார்கள். அந்தப் பிள்ளை ஸ்பெல்லிங் போட்டியில் கோப்பை வாங்கியதாம். நாயுருவியின் அம்மா, நாய் வேண்டாம் சார், வேறு எந்த மிருகமாக இருந்தாலும் பரவாயில்லை என்றாள். தமிழ் தெரிந்த வீடுகளில் ஒன்று விடாமல் புண்பட்டது. தமிழ் தெரியாத பிள்ளைகளிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

கடைசியாக நாகரத்தினம். “பாலா, ஸ்க்ரிப்ட் பிரமாதம். ஒரே ஒரு கரெக்‌ஷன். சூனியக்காரி வேணாம். ஸ்பான்சருங்க முதல் வரிசையில குடும்பத்தோட உக்காந்திருப்பாங்க, மேடையில சூனியம்னா நல்லாவா இருக்கு? மூலிகை ராணின்னு வெச்சுடுவோம். உங்க பொண்ணுக்கும் கௌரவமா இருக்கும்.”

“பார்க்கலாங்க சார்.”

போனை வைத்துவிட்டு பாலா ஜலஜாவிடம் பெருமையாகச் சொன்னார்: “ஒருத்தர் விடாம எல்லாருக்கும் முடியாதுன்னு சொல்லிட்டேன்.”

ஜலஜா அவரை உற்றுப் பார்த்தாள். “நீங்களா?” என்றாள்.

ஒத்திகை பள்ளியின் கேஃபட்டீரியாவில் நடந்தது. மானஸா கறுப்புச் சட்டை, கூம்புத் தொப்பி, தோளில் வீட்டு அலாரத்துக்குப் பயந்து ஏற்றாமல் விட்ட மெழுகுவர்த்திப் பை சகிதம் வந்தாள். பிள்ளைகள் தரையில் செடிகளாகக் குந்தியிருந்தார்கள். மானஸா கையை உயர்த்தி, ராத்திரியெல்லாம் கண்ணாடி முன் பழகிய குரலில் கூப்பிட்டாள்.

“குப்பைமேனி.”

ஒருவரும் எழவில்லை.

“சுஹாஸ், தட்ஸ் யு.”

“ஐ’ம் பொன்னாங்கண்ணி நவ்” என்றான் சுஹாஸ். எழுந்து நின்றபோது உடம்பு முழுக்கத் தங்கக் காகிதம் சரசரத்தது. “மை டாட் சேஞ்ச்ட் இட்.”

அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பொன்னாங்கண்ணிகள் எழுந்தன. பிறகு துளசிகள். க்ரிஷ் பச்சைப் பட்டு ஜிப்பாவில் இருந்தான். இன்னொரு துளசிக்கு அவள் அம்மா அட்டையில் மாடமே கட்டிக்கொடுத்திருந்தாள், அதில் உள்ளே உட்காரத்தான் முடிந்தது, எழ முடியவில்லை. இத்தனை துளசி இருந்தால் அது சூனியக்காரி தோட்டம் அல்ல, பெருமாள் கோயில். ஓரத்தில் ரெபெக்கா வெள்ளைப் போர்வை போர்த்திக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்திருந்தாள்.

“இது யாரு?” என்றார் மேற்பார்வைக்கு வந்திருந்த நாகரத்தினம்.

“ஈசோப்பு சார்” என்றார் கிருபைராஜ்.

“எந்தக் கம்பெனி சோப்பு?”

வாட்ஸ்அப் பார்க்கும் பழக்கமில்லாத ஒரு வீட்டுப் பிள்ளை மட்டும் இன்னும் பேய்மிரட்டியாக இருந்தது. அது இந்தக் குழப்பத்துக்கு நடுவில் தன் முறை எப்போது வரும் என்று ஆவலோடு காத்திருந்தது.

பிரீத்தி ஒரு பையோடு மானஸாவிடம் வந்தாள். “ராணிக்கு இது என்னோட கிஃப்ட்” என்று தங்க முலாம் பூசிய கிரீடத்தை எடுத்து நீட்டினாள். நவராத்திரிக்கு எதற்கோ வாங்கியதாக இருக்க வேண்டும்.

மானஸா கிரீடத்தைப் பார்த்தாள். தங்கத்தையும் துளசியையும் பார்த்தாள். கடைசியில் அப்பாவைப் பார்த்தாள். அவர் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த மதிய உணவு அட்டவணையை அவசரமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

“இட்ஸ் ஃபைன்” என்றாள். தொப்பியைக் கழற்றி ஒரு மேசைமேல் வைத்துவிட்டு, போய் காரில் உட்கார்ந்தாள்.

கத்தியிருந்தால் பாலா சமாதானம் சொல்லியிருப்பார். அழுதிருந்தால் ஐஸ்க்ரீம் கடைப் பக்கம் காரைத் திருப்பியிருப்பார். ‘இட்ஸ் ஃபைன்’ என்பதற்கு அவரிடம் மருந்து இல்லை.

அன்று மானஸா தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். மறுநாளும் அப்படியே. சாப்பாட்டு மேசையில் பாலாவும் ஜலஜாவும் எதிரெதிரே உட்கார்ந்து ரசத்தைப் பற்றிப் பேசினார்கள். ரசத்தைப் பற்றி அவ்வளவு நேரம் பேச ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாளும் நாற்காலி காலியாகவே இருந்ததும் ஜலஜா சொன்னாள்: “மூலிகை ராணி மாடியில இருக்காங்க. தரிசனம் கேட்டுப் போய்ப் பாருங்க.”

பாலா போனார். கதவு மூடியிருந்தது. கதவிடமே பேசினார்.

“மானஸா, நான் எதையும் மாத்தல. ஒருத்தர்கிட்டயும் சரின்னு சொல்லல.”

“தென் வாட் டிட் யு ஸே?” என்றது கதவு.

“பார்க்கலாம்னு சொன்னேன்.”

உள்ளே காலடிச் சத்தம். கதவு திறந்தது. மானஸாவின் முகத்தில் கோபம் இல்லை. மருத்துவமனையில் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கும் டாக்டரின் ஆச்சரியம் இருந்தது.

“ஸோ யு டோல்ட் தெம் நோ.”

“ஆமா.”

“அண்ட் தே ஹர்ட் யெஸ். எல்லாருமா?”

“எல்லாருமே.”

“அப்பா, அது நமக்கு மட்டும்தான் நோ. அவங்களுக்கு அந்த வேர்ட் வேலை செய்யல.” அவள் வெளியே வந்து அவர் சட்டைப்பையிலிருந்து போனை உருவினாள். “கால் தெம். யூஸ் த அதர் ஒன்.”

“எது?”

“நீ போர்டுல எழுதறியே. முடியாது.”

அந்தச் சொல்லை அவள் ‘ட’வை நாக்கு நுனியில் உருட்டி, தண்ணீரில் ஊறிய பிஸ்கட் போல மெத்தென்று உச்சரித்தாள். ஆனாலும் பாலா ஒரு அடி பின்வாங்கினார்.

சாப்பாட்டு மேசைமேல் போனை வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். ஜலஜா சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். தனக்குச் சம்பந்தமில்லாத நிகழ்ச்சி என்று காட்டிக்கொள்ள ஒரே துண்டை இரண்டு முறை மடித்தாள்.

சுலபமான இடத்தில் ஆரம்பிக்கலாம் என்று பாலா கிருபைராஜைத் தேர்ந்தெடுத்தார். “கிருபை, அந்த ஈசோப்பு விஷயம். அது... வந்து... மாத்த முடியாது.”

“அய்ய, ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி,” என்றார் கிருபைராஜ். “இவ மூணு நாளா சாப்பிடல. எனக்கு ஸ்லிப்பர் ஆர்மிதான் வேணும், சோப்பு வேண்டாங்கா. இந்தா இப்பவும் வீட்டுல இருக்க செருப்பெல்லாம் எடுத்து அட்டையில ஒட்டிக்கிட்டு இருக்கா. என் ஆபீஸ் ஷூவையும் சேத்து.”

மானஸா முஷ்டியை உயர்த்தினாள். பாலாவுக்குத் தெம்பு வந்தது. அதே சூட்டில் சந்தானத்தை அழைத்தார். “சார், சுஹாஸ் குப்பைமேனிதான். மாத்த முடியாது.”

“அப்ப சுஹாஸ் வரமாட்டான்” என்றார் சந்தானம். லைன் துண்டாயிற்று. தெம்பும்.

அடுத்தது பிரீத்தி. பாலா தொண்டையைச் செருமிக்கொண்டு நான்கு வார்த்தை பேசினார். அவள் நானூறு பேசினாள். துளசி என்றால் எவ்வளவு டிவைன், க்ரிஷ் எவ்வளவு சென்சிடிவ், மாமியார் சேலத்திலிருந்து லைவில் பார்க்கப் போவதாக உறவுக்கெல்லாம் சொல்லிவைத்தது, ஜிப்பா தைத்தது, பாலா சார் எவ்வளவு தங்கமான மனுஷர். தங்கமான மனுஷர் என்று காதில் விழுந்ததும் அவர் உதடு பழக்க தோஷத்தில் ‘ப’வுக்குக் குவிய ஆரம்பித்தது.

மானஸா அதைப் பார்த்துவிட்டாள். போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

“ஆன்ட்டி, நான் மானஸா. நீ சொல்றது எல்லாம் கேட்டேன். க்ரிஷ் ஆடாதொடை. அதுதான் இருமலுக்கு நல்லது. ஊர்ல எல்லாருக்கும் இருமல், அவன் இல்லேன்னா எல்லாரும் செத்துடுவாங்க. நீ அவனக் கூட்டிட்டு வா. துளசி உன் வீட்டுல வெச்சுக்கோ. அப்பாவ திரும்பக் கேக்காத. சரியா? போய் சாப்பிடு.”

ஜலஜாவின் கையிலிருந்து துண்டு நழுவியது.

மானஸாவுக்குத் தெரிந்த தமிழெல்லாம் அவளிடம் பேசப்பட்ட தமிழ்தான். வா, போ, சாப்பிடு, வெச்சுக்கோ, கேக்காத, சரியா. பிறந்ததிலிருந்து அவளை யாரும் ‘நீங்க’ என்று அழைத்ததில்லை. அப்படி ஒன்று இருப்பது வகுப்பில் காதில் விழுந்திருக்கலாம், நாக்குக்கு வந்ததில்லை. இந்தத் தொனியில் தன்னிடம் பேச அமெரிக்காவில் யாருக்கும் உரிமை இல்லை என்று பிரீத்தி இத்தனை நாளாக நினைத்திருக்க வேண்டும்.

“சரி,” என்றாள் பிரீத்தி, ஏதோ பெரியவர்களிடம் சொல்வது போல. பிறகு, “சரிம்மா. சாட்டர்டே ரிஹர்சல் எத்தன மணிக்கு?”

“நாலு. லேட்டா வராத.”

போனை வைத்ததும் மானஸா பெற்றோரின் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். “வாட்? தப்பா சொன்னேனா? அம்மா ஏன் அப்படிப் பாக்கறா?”

பாலசுப்ரமணியன் மரியாதைப் பன்மைக்கு மட்டும் ஆறு வாரம் பாடம் நடத்துபவர். நீ வா, நீங்கள் வாருங்கள் என்று வண்ண அட்டையில் படம் வரைந்து சுவரில் மாட்டியிருப்பவர். திருத்தாமல் ஒரு வாக்கியத்தைக் கடந்துபோவது அவருக்குச் செருப்பில் கல்லோடு நடப்பது மாதிரி. எதிரே மகள் பதிலுக்குக் காத்து நின்றாள், கண்ணில் லேசான பயத்தோடு. இப்போது ஒரு ‘ங்க’வை எடுத்து நீட்டினால் அடுத்த வாக்கியத்தை அவள் இங்கிலீஷில்தான் சொல்வாள்.

“ஒண்ணும் தப்பில்ல,” என்றார். “ரொம்ப நல்ல தமிழ்.”

“வாத்தியார்” என்று ஜலஜா துண்டிடம் முணுமுணுத்தாள்.

மற்ற வீடுகளுக்கும் அடுத்தடுத்து போன் போட்டு அதையே சொல்லி முடித்ததும் மிச்சமிருந்தது நாகரத்தினம். மானஸா போனை எடுக்கப் போனாள், பாலா முந்திக்கொண்டார். ஒரு தலைவரை ஒருமையில் அழைத்துத் தமிழ்ப் பள்ளி இரண்டாக உடைந்தது என்று வரலாற்றில் வர வேண்டாம் என்பது ஒரு காரணம். இந்த ஒன்றையாவது தானே சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று.

“சார், நாடகத்துல மூலிகை ராணி கிடையாது. சூனியக்காரிதான். மாத்த முடியாது.”

“ஹலோ,” என்றார் நாகரத்தினம். “யாரு பேசறது?”

“பாலாதான் சார்.”

“பாலாவா?” அவர் எண்ணைச் சரிபார்ப்பது போல ஒரு இடைவெளி. “ஸ்பான்சர் என்ன நினைப்பாங்கப்பா?”

“அவங்களுக்கும் இருமல் வரும் சார். அப்ப புரிஞ்சுக்குவாங்க.” இதை எங்கிருந்து எடுத்தார் என்று பாலாவுக்கே தெரியவில்லை.

நாகரத்தினம் கொஞ்சம் யோசித்தார். அவரிடமும் ஆயுதம் இருந்தது. “அப்ப ஒண்ணு பண்றேன். உங்க டிராமாவ லஞ்ச் டைமுக்கு மாத்திடறேன். பரவாயில்லையா?”

“பரவாயில்ல சார்.”

லஞ்ச் டைம் என்றால் என்னவென்று பாலா மகளிடம் மறைக்காமல் சொன்னார். பிரியாணி வரிசை ஆரம்பித்ததும் அரங்கம் காலியாகும். மைக் பார்ப்பவரும் சாப்பிடப் போய்விடுவார். மிஞ்சி மிஞ்சி நடிக்கிற பிள்ளைகளின் அம்மா அப்பா இருப்பார்கள், அதுவும் கையில் தட்டோடு.

மானஸா உதட்டைப் பிதுக்கினாள். “இட்ஸ் ஃபைன்” என்றாள். இது வேறு ஃபைன். அதைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அவருக்குக் காது இருந்தது. ஆனால் உடனே அவள் முகம் வாடியது. “பட் சுஹாஸ் வரமாட்டான். குப்பைமேனி இஸ் மை ஃபேவரிட். அத விட முடியாது.”

பாலா போனை எடுத்துப் பெற்றோர் குழுவில் எழுதினார்: ‘குப்பைமேனிக்கு ஆள் தேவை. இரண்டு வரி வசனம். உடை நாங்களே தருவோம்.’ காலை வணக்கம் என்று போட்டால் நாற்பது பூங்கொத்து வந்து விழுகிற குழு அது. எல்லோரும் படித்துவிட்டதற்கு அடையாளமாக நீல டிக் மட்டும் விழுந்தது.

அப்பாவும் மகளும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“நான் நிக்கறேன்” என்றாள் ஜலஜா, துணிக்கூடையிலிருந்து தலையைத் தூக்காமல்.

மானஸா திரும்பினாள். “நீயா?”

“இந்த வீட்டுக் குப்பைய யார் கட்டித் தெருவுல வெக்கறது? உங்கப்பாவா? எக்ஸ்பீரியன்ஸ் இருக்கு. குடு பேப்பர.”

“யு’ர் டூ டால்.”

“நல்லா வளந்த குப்பைமேனின்னு வெச்சுக்கோ.”

மானஸா மாடிக்கு ஓடினாள். பள்ளிக்கூடத்து மேசையில் கழற்றி வைத்த தொப்பியை அன்றே பாலா எடுத்து வந்து அவள் கதவுக் கைப்பிடியில் மாட்டியிருந்தார்; அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கி வந்தாள். அம்மாவை சோபாவுக்குப் பின்னால் குந்த வைத்தாள். முட்டி நொறுங்குகிறது என்ற புகாரைத் தள்ளுபடி செய்தாள். கையை உயர்த்தினாள்.

“குப்பைமேனி.”

ஜலஜா தோளில் துண்டோடு எழுந்தாள். “நான் குப்பைமேனி. யாரும் நடாமலே வளருவேன்.” ஏதோ மளிகைச் சாமான் வாசிப்பது போல வாசித்தாள்.

“லவுடர், அம்மா. வெக்கப்படாத. யு ஆர் ட்ராஷ். ஓன் இட்.”

ஜலஜா இரண்டாம் முறை கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பாலா கை தட்டினார். கண் கலங்கியிருந்தது, வெங்காயம் எதுவும் அருகில் இல்லை.

“ஸ்டாப் கிளாப்பிங், அப்பா” என்றாள் மானஸா. “நீ ஊரு. நீ சிக். அங்க போ, வேலிக்கு அந்தப் பக்கம். இருமு.”

பாலசுப்ரமணியன் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்று, தன்னால் முடிந்தவரை இருமினார்.